அய்யாசாமி சொன்ன ருசி

நாகப்பன் இத்தாலியில் சண்டை முடிந்து உயிரோடு வீடு திரும்பினான். எத்தனையோ பேருக்குக் கிடைக்காத பாக்கியம் அது. அந்தப் பாக்கியத்தைப் பொழுது சாய்வதற்குள் கெடுத்துக்கொண்ட சாமர்த்தியமும் அவனுடையதுதான்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஏரிக்கரை ஓரமாகவே நடந்து அயனம்பாக்கம் வந்து சேர்ந்தான். தெருவே கூடிவிட்டது. நாகவல்லி கூட்டத்துக்குப் பின்னால் நின்று தன் புருஷனைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒரு அறுவடைகூட முழுசாய்ப் பார்க்காமல் பட்டாளத்துக்குப் போனவன். வந்தவனுக்கு நெற்றி ஏறியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் யார் யார் தலைக்கு மேலோ எட்டி எட்டி அவளைத் தேடிய கண் மட்டும் அப்படியே இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிப்போய் உலை வைத்தாள்.

சாப்பிட்டுக் கையலம்பினதும் பெட்டியைத் திறந்தான். அவளுக்கென்று ஒரு கம்பளிச் சால்வை, வாசனை சோப்பு. அப்புறம் காக்கிப் போர்வை ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது போல வெளியே எடுத்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தான். உள்ளே ஒரு புட்டி. குண்டு வயிறு, குட்டைக் கழுத்து, இடுப்பைச் சுற்றி வைக்கோல் பின்னல். வாயை அரக்கு வைத்து மூடியிருந்தது.

"இன்னாய்யா இது?"

"ஒயினு. இத்தாலிக்காரன் ஊட்டுல திராட்சப் பழத்துல செய்யறது. ஓர்வியேத்தோன்னு ஒரு ஊருகீது, மலமேல. அந்த ஊரு பேரையே இதுக்கும் வச்சிகீறான். ரொம்ப இனிப்பும் இல்ல, இனிப்பு இல்லாமலும் இல்ல, நடுவாந்தரம். உனக்காகத்தான் கடல் தாண்டிக் கொண்டாந்தேன்."

நாகவல்லி கையிலிருந்த சோப்பைக் கீழே வைத்தாள்.

அவள் பிறந்த ஊர் குத்தம்பாக்கம். அவள் அப்பன் நல்ல உழைப்பாளி, சாராயக் கடை வாசலை மிதிக்காத வரைக்கும். மிதித்துவிட்டால் அன்றைக்குக் கூலி போச்சு, அடுப்புப் போச்சு, அம்மாவின் முதுகு போச்சு. கடைசியில் ஒரு மழைநாளில் கடைக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தான். அதனால்தான் நாகப்பன் சப்பர் பட்டாளத்துக்கு, அதாவது பாலம் போடுகிற, கண்ணிவெடி எடுக்கிற பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால், அவனை வேம்புலியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கற்பூரத்தை ஏற்றி, "ஒரு சொட்டுகூட தொடமாட்டேன்னு அணைச்சிட்டுப் போ" என்றாள். அவன் உள்ளங்கையால் அணைத்தான். "இது தப்புச்சுன்னு வையி, நான் சண்ட போடமாட்டேன், அழமாட்டேன். எங்கம்மா ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்" என்றும் அன்றைக்கே சொல்லி வைத்திருந்தாள். சொன்னதைச் செய்கிறவள் என்று அவனுக்கும் தெரியும்.

தெரிந்துதான் புட்டியைக் கொண்டுவந்திருந்தான். அவன் கணக்கு வேறு மாதிரி. அவனவன் அங்கே தண்ணீருக்குப் பதிலாய் ஒயினைக் குடித்துக்கொண்டிருக்க, தனக்குக் கொடுத்த புட்டியை அரக்குகூடப் பெயராமல் பெண்டாட்டியிடம் கொண்டுவந்து நீட்டினால், சத்தியத்தைக் காப்பாற்றினதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? இத்தாலியிலிருந்து கப்பலில் பம்பாய் வரைக்கும் இந்த யோசனையை மெச்சிக்கொண்டே வந்திருக்கிறான் மனுஷன்.

"பாரு, அரக்கு அப்படியே கீது" என்று புட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். "ஒருத்தன் கை படல."

நாகவல்லியின் கண்ணுக்கு அரக்கு தெரியவில்லை. வீட்டுக்குள் ஒரு சாராயப் புட்டி உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது. இருந்தாலும் வந்த அன்றே முகம் சுளிக்க மனசு வராமல், "எப்படி இருக்கும் அது?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தாள்.

அங்கேதான் நாகப்பன் மாட்டிக்கொண்டான். "பனங்கல்கண்டு கரைச்ச தண்ணி மாரி கீதும்மே. இனிக்கும், ஆனா தெவட்டாது. அப்பால மெதுவா ஏலக்கா வாசம் வரும். முழுங்கனதும் தொண்டையில சுக்குக் காரம் கொஞ்ச நேரம் நிக்கும் பாரு, ஆகா!" என்று கண்ணை மூடிக்கொண்டு நாக்கைத் தட்டினான்.

கண்ணைத் திறந்தபோது நாகவல்லியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"தொடாதவனுக்குத் தொண்டையில நின்ன காரம் எப்படிய்யா தெரிஞ்சுது?"

"அய்யோ, நான் எங்க குடிச்சேன்? அய்யாசாமி சொன்னான். நாங்க குளிர் காலத்துல ஒரு ஊட்டுல தங்கிகினு இருந்தோம். அந்த ஊட்டம்மா தெனம் சாயங்காலம் ரெண்டு பேருக்கும் ஊத்தும். என் கிளாசையும் அவனே எடுத்துக் குடிச்சிட்டு, எப்படி கீதுன்னு எனக்குச் சொல்லுவான். கேட்டுக் கேட்டு எனக்கே நாக்குல ஒட்டிகிச்சு."

அய்யாசாமி அதே தெருக்காரன், நாகப்பனுக்கு மச்சான் முறை, ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன். இத்தாலியில் ஒரு ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டான். தந்தி வந்த அன்றைக்கு அவன் அம்மா தாயம்மாவை மடியில் போட்டுக்கொண்டு அழுதவளே நாகவல்லிதான்.

"சாட்சி சொல்ல ஆளே கெடைக்கலியா உனக்கு? செத்துப்போன அண்ணனைக் கூப்புடுறே" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நாகப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

அன்றையிலிருந்து அவள் பாய் சுவரோரம் போய்விட்டது. வேளைக்குச் சோறு வந்தது, சுடுதண்ணீர் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அவளுக்கும் சுகமில்லைதான். இத்தனை வருஷம் காத்திருந்து கையில் கிடைத்தவனை, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடாமல் இருப்பது லேசா? ஆனால் அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வரும். இன்னைக்கு ஒரு கிளாசைப் பொறுத்துப்போனவள் நாளைக்கு எதையெல்லாம் பொறுக்க வேண்டிவரும் என்று கண்ணால் பார்த்து வளர்ந்தவள் அவள்.

இந்தச் சமயத்தில்தான் தாயம்மா வந்தாள். மகன் செத்த செய்தி வந்தும் அவள் இதுவரைக்கும் அவனுக்குப் படையல் போடவில்லை. பிணத்தைப் பார்த்தவன் ஒருத்தன் வந்து தன் எதிரில் சொல்லாமல் எப்படிப் படைப்பது என்று தள்ளிக்கொண்டே வந்தாள். நாகப்பன்தான் பார்த்தவன். தன் கையாலேயே மண்ணைத் தள்ளினவன். அவன் சொல்லச் சொல்லத் தாயம்மா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். கடைசியில், "சரி நைனா. அமாவாச அன்னிக்குப் படைச்சிடுறேன். எம்புள்ள அங்க இன்னா ஆசையாத் துன்னான், இன்னா குடிச்சான்னு சொல்லு. அத்த வச்சாத்தான் அவன் எலைக்கு வருவான்" என்றாள்.

செத்தவர்களுக்கு அவர்கள் ஆசைப்பட்டதை வைத்துத்தான் அந்தத் தெருவில் படைப்பார்கள். சுருட்டுக் குடித்தவனுக்குச் சுருட்டு, கள் குடித்தவனுக்குக் கள்.

நாகப்பன் நாகவல்லியை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் உள்ளே போய்ப் புட்டியைக் கொண்டுவந்து தாயம்மா காலடியில் வைத்தான்.

"இதான் அத்தே. இதுதான் அவனுக்கு உசுரு."

அவன் சாட்சி என்று கட்டிக் காத்தது அது ஒன்றுதான். திறந்துவிட்டால் அதுவும் போச்சு. நாகவல்லிக்கும் அது புரிந்தது. புரிந்தும், இந்தச் சாக்கிலாவது திறந்து வாயை நனைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறானோ என்றும் தோன்றியது. சந்தேகம் வந்த மனசு அப்படித்தான். அமாவாசைப் படையல் முடிந்ததும் குத்தம்பாக்கம் போய்விடுவது என்று முடிவு பண்ணி, இரண்டு சேலையையும் சால்வையையும் மூட்டையாகக் கட்டி வைத்தாள். சால்வையை எடுத்து வெளியே வைத்தாள். மறுபடி உள்ளே வைத்தாள்.

அமாவாசை அன்று தாயம்மா வீட்டில் சமையல். நாகவல்லி அடுப்படியில், நாகப்பன் வாசற்படியில். இத்தாலிக்கார அம்மா அந்த ஒயினோடு என்னென்ன வைப்பாள் என்று அவன் சொல்ல வேண்டும், இவள் செய்ய வேண்டும். புருஷனோடு பேச்சில்லை என்றாலும் செத்தவனுக்காகப் பேசித்தானே ஆக வேண்டும்?

"கோழி ஈரலை வதக்கி மசிச்சு ரொட்டி மேல தடவிக் குடுக்கும் அந்தம்மா" என்றான்.

"ரொட்டிக்கு எங்க போறது? கேவுரு அடையில தடவுறேன். எத்தினி மொளகா போடணும்?"

"மொளகாயே ஆகாது. காரம் பட்டா ஒயினோட ருசி செத்துப்பூடும்னு அந்தம்மா கையாலயே சாடை காட்டும்."

"காரமில்லாத ஈரலா?" தாயம்மாவுக்குத் தாங்கவில்லை. "எம்புள்ளைய இன்னாடா பண்ணி வச்சாங்க அங்க?"

"உப்பும் கொஞ்சம் மிளகும்தான் அத்தே. அவனும் மொதல்ல மூஞ்சச் சுளிச்சான். அப்பால தட்ட நக்குவான்."

நாகவல்லி ஈரலை மசித்தாள். அடுத்தது ஆட்டுப்பாலைத் திரித்து அமுக்கிச் செய்கிற கட்டி. அதற்கு என்ன செய்வது? மேலத் தெருவில் மாடு கன்று போட்டிருந்தது. சீம்பால் வாங்கிவந்து அவித்து, துண்டு போட்டு வைத்தாள். பேரிக்காய்க்குப் பதிலாய்ச் செங்காய்க் கொய்யா. பாதாம் பருப்பைப் போட்டு மொறமொறவென்று சுட்ட பிஸ்கட்டை ஒயினில் தோய்த்துத் தின்பார்களாம். வாதாங்கொட்டையை உடைத்து, பருப்பை எடுத்து, ரேஷன் அரிசி மாவில் கலந்து தட்டிச் சுட்டாள். பிஸ்கட்டுக்கும் அதற்கும் ஏழு ஊர் தூரம். இருந்தாலும் வாசனை நன்றாய்த்தான் இருந்தது.

"கருவாட்டுக் கொழம்பு எங்க?" என்றாள் தாயம்மா.

"கருவாட்டோட இந்த ஒயினு சேராதே அத்தே."

"கருவாடு இல்லாம எம்புள்ளைக்கு எலையா?"

இரண்டு பேரும் நாகவல்லியைப் பார்த்தார்கள். அவள் இன்னொரு வாழை இலையை எடுத்து முதல் இலைக்குப் பக்கத்தில் விரித்தாள். ஒன்று இந்த ஊர் இலை. களி, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. இன்னொன்று அந்த ஊர் இலை. பட்டாளத்து உடுப்பில் எடுத்த அய்யாசாமியின் படம் நடுவில் இருந்தது.

புட்டியைத் திறக்கும் வேலை நாகப்பனுக்கு வந்தது. அரக்கைச் சுரண்டினான். உள்ளே தக்கை இறுகியிருந்தது. விரலால் நெம்பினான், கத்தி முனையால் குத்தினான், தக்கை தூள்தூளாய் உதிர்ந்ததே தவிர அசையவில்லை. புட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மூக்கு வேர்க்க வேர்க்கப் போராடினான். நாகவல்லி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பன் எந்தப் புட்டியையும் கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லால் திறப்பான். இந்தக் கை புட்டியோடு பழகின கையாய்த் தெரியவில்லை. கடைசியில் நாகப்பன் ஒரு குச்சியால் இடித்துத் தக்கையை உள்ளேயே தள்ளிவிட்டு, தோற்றவன் போல முழித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

வைக்கோல் நிறத்தில் இருந்த ஒயினை ஒரு தம்ளர் ஊற்றி அந்த ஊர் இலை முன்னால் வைத்தார்கள். கற்பூரம் காட்டி, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். செத்தவன் வந்து தின்கிற நேரம் அது, யாரும் பார்க்கக்கூடாது. தாயம்மா மூடின கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "வந்துட்டியாடா? நல்லாத் துன்னுடா, ராசா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாகப்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கதவைத் திறந்ததும், படைத்ததை வீட்டார் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவள்தான் முதலில். தாயம்மா தம்ளரைக் கையில் எடுத்தாள்.

"அங்க அவனுக்கு ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சா நைனா?"

"இருமல்தான் அத்தே. பனி ஒத்துக்கல. ராவெல்லாம் இருமுவான். சாயங்காலம் இத்தக் குடிச்சாத்தான் அடங்கும்."

"இத்த இன்னான்னு சொல்லுவான்?"

நாகப்பன் நாகவல்லியைப் பார்க்காமல் சொன்னான். பனங்கல்கண்டு, ஏலக்காய், தொண்டையில் நிற்கிற சுக்கு. ஒரு வார்த்தை மாறாமல் அதே வரிசையில் சொன்னான்.

தாயம்மா ஒரு வாய் குடித்தாள். வாயில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். முழுங்கிவிட்டு நாகவல்லியைக் கிட்ட இழுத்து, காதோடு வாய் வைத்துச் சொன்னாள். "இது அது இல்லடீ. அவன் சொன்னது, இருமல் வந்தா நான் வச்சுக் குடுப்பேனே, அந்தத் தண்ணிடீ. சின்னதுல அது இல்லாம தூங்கவே மாட்டான்."

நாகவல்லி தம்ளரை வாங்கினாள். சின்ன வயசிலிருந்தே அந்த வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

முதலில் இனித்தது. தேன் பட்டது போல லேசான இனிப்புத்தான். உடனே பிஞ்சு மாங்காய்ப் புளிப்பு ஒன்று பக்கவாட்டில் வந்தது. முழுங்கினதும் கடைசியாய் வாதாங்கொட்டைப் பருப்பின் தோல் கசக்குமே, அந்தக் கசப்பு நாக்கின் அடியில் மிஞ்சியது. ஏலக்காய் இல்லை. சுக்கு இல்லவே இல்லை. சுக்கின் சாயல்கூட இல்லை. ஒரு சொட்டு நாக்கில் பட்டவன்கூட இதைச் சுக்கு என்று சொல்லமாட்டான்.

அப்படியானால் இந்த மனுஷன் இதைத் தொட்டதே இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க, கண்ணெதிரே ஊற்றின கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு, சிநேகிதன் வாயிலிருந்து வந்த ருசியைக் காதால் குடித்திருக்கிறான். அந்தப் பாவியோ அம்மாவின் கைத் தண்ணீரை நினைத்துக்கொண்டு, இல்லாத ருசியையெல்லாம் அதற்குள் போட்டுச் சொல்லியிருக்கிறான். இவளுக்குத் தெரிந்த கஷாயம்தான். எந்த வீட்டிலும் வைப்பதுதான். புருஷன் சொன்ன அன்றைக்கே பிடிபட்டிருக்க வேண்டும். கோபம் விட்டால்தானே? பாயைச் சுவரோரம் போட்டு அவனைத் தள்ளி வைத்த நாட்களை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாய் இருந்தது. அவன்மேல் இருந்த ஆசையெல்லாம் மொத்தமாய்த் திரண்டு வந்தது. கண் தானாய் நிறைந்து வழிந்தது.

நாகப்பன் பயந்துபோனான். "இன்னாமே? ஆவலியா? துப்பிடு, துப்பிடு" என்று கிட்டே வந்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் தம்ளரைத் தொடாமல், அதற்குள் எட்டிப் பார்த்தான். பிறகு ரொம்பத் தயங்கி, படத்தில் இருந்த அய்யாசாமியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அவன் சொன்ன மாரிதானே கீது?"

இத்தனை நாளும் அவன் நாக்கில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த ருசியைத்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. சிநேகிதனிடமிருந்து அவனுக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். சொன்ன சொல் தவறவே கூடாது என்று புருஷனைக் கற்பூரத்தின் முன்னால் நிறுத்தினவள் நாகவல்லி. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியே கீதுய்யா. பனங்கல்கண்டு, ஏலக்கா, எல்லாம். அண்ணன் ஒரு வார்த்தகூட கூட்டிச் சொல்லல, கொறச்சிச் சொல்லல."

நாகப்பன் முகம் குழந்தை முகம் போல மலர்ந்தது. நான்தான் சொன்னேனே என்பது போலத் தாயம்மாவைத் திரும்பிப் பார்த்தான். தாயம்மா தம்ளரை நாகவல்லி கையிலிருந்து வாங்கி, மிச்சத்தையும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சுக்குதான் கொஞ்சம் தூக்கலா கீது" என்றாள்.